நீலக் கிளிப் மாட்டிய பக்கங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒளித்து வைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனி என்னிடம் இரண்டு பக்கத் துண்டறிக்கை கேட்டது. தலைப்பு, ‘சிறு எஞ்சின்களில் இக்னிஷன் காயில் எப்படி வேலை செய்கிறது’. மரம் அறுக்கிற மெஷின், புல் வெட்டுகிற மெஷின், மருந்து அடிக்கிற மெஷின் வைத்திருப்பவர்கள் படித்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான். பிழைப்புக்கு நான் எழுதுவது இந்த மாதிரிதான். சலவை மெஷினோடு வரும் கையேடு, மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாள். யாரும் படிக்காத எழுத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு. கதைகள் எப்போதாவது எழுதுவேன்.

துண்டறிக்கையின் கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் வந்தது: ‘சோதனை முடிந்ததும், கழற்றிய மெல்லிய கம்பியை மறக்காமல் மீண்டும் மாட்டவும்.’ ‘மறக்காமல்’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்தக் கம்பியை மறந்த ஒருவரை எனக்குத் தெரியும். அதனால் இடது காலில் இரண்டு விரல்களை இழந்தவரையும் தெரியும். மறந்தவர் எட்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை. இழந்தவர் எட்டு மாதமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார். துண்டறிக்கையை அப்படியே மூடி வைத்துவிட்டு இதைத் தொடங்கினேன்.

(நான் எழுதும் எதையும் அச்சுக்குப் போகும் முன் படிக்கிற ஒருவர் உண்டு. பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, ‘இந்த வாக்கியத்துக்கு மூச்சு வாங்குது’ என்று ஓரத்தில் எழுதுவார். அவரைப் பற்றிப் பிறகு.)

2

தொடக்கம் லேசில் அமையவில்லை. எழுதிப் பார்த்தவற்றை அழிக்காமல் விடுகிறேன்.

‘மழை விட்டிருந்த காலையில் மெக்கானிக் கடைக் கதவை —’

மழையே பெய்யவில்லை. கதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு எங்கிருந்தாவது மழை வந்துவிடுகிறது.

‘மனிதனும் ஓர் எஞ்சின்தான். அவனுக்குள்ளும் ஒரு —’

இதை எழுதிய கையை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

‘அந்த மெக்கானிக்கை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள்.’

இது நிற்கும். அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நிதானத்துக்கு ஐம்பதை ஒட்டி வயது. கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி. நீள மேசை ஒன்று, அதன் மேல் வயிறு திறந்த மெஷின்கள், பிஸ்கட் டப்பா நிறையப் பழைய காயில்கள். வாடிக்கையாளர் என்னதான் தலையில் அடித்துக்கொண்டாலும் அவர் ஒரு ஸ்குரூவை முடுக்கிவிட்டுத்தான் அடுத்த ஸ்குரூவைத் தொடுவார். ‘அவசரம்னா வேற கடைக்குப் போங்க’ என்று சிரிக்காமல் சொல்வார். யாரும் போனதில்லை.

கதைக்குக் கொஞ்சம் காயில் தேவைப்படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், துண்டறிக்கைக்காகக் கற்றது வீணாகக் கூடாது.

இந்த மெஷின்களில் பேட்டரி கிடையாது. கயிற்றை இழுத்தால் உள்ளே ஒரு சக்கரம் சுற்றும். அதன் விளிம்பில் காந்தம் பதித்திருக்கும். பக்கத்தில், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி விட்டுக் காயில் உட்கார்ந்திருக்கும். (நிதானம் அளப்பதும் விசிட்டிங் கார்டால்தான். ஒரு கண் டாக்டருடையது. மூலை நான்கும் கறுத்துவிட்டன.) காயிலுக்குள் இரண்டு சுற்று. ஒன்று தடித்த கம்பி, நூற்றுச் சொச்சம் சுற்று. இன்னொன்று தலைமுடி போன்ற கம்பி, பல ஆயிரம் சுற்று. காந்தம் கடந்து போகும்போது தடித்த கம்பியில் மின்சாரம் ஓடும். அது நன்றாக ஓடுகிற கணம் பார்த்துச் சட்டென்று அறுத்துவிட வேண்டும். அறுத்த வேகத்தில் மெல்லிய சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி, பிளக்கின் நுனியில் பொறியாகத் தாவும். அதில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும்.

சரி, நிறுத்துவது எப்படி? வீட்டில் விளக்கை அணைத்தால் இணைப்பு அறுகிறது. இதில் தலைகீழ். ஸ்விட்சை அமுக்கினால் ஒரு மெல்லிய கம்பி காயிலை எஞ்சினின் இரும்பு உடம்போடு சேர்த்துவிடும். மின்சாரம் அந்த வழியாக உடம்பில் இறங்கிப் போய்விடும். பொறிக்கு மிச்சம் இருக்காது, எஞ்சின் நிற்கும். ஆகவே அந்தக் கம்பி மாட்டப்படாமல் இருந்தால் மெஷின் நன்றாகவே ஓடும். நிறுத்தத்தான் முடியாது.

கோளாறு காயிலிலா வேறெங்காவதா என்று பார்க்கும்போது மெக்கானிக்குகள் அந்தக் கம்பியைத்தான் முதலில் கழற்றுவார்கள். கழற்றியதும் நிதானம் ஒரு காரியம் செய்வார். துணி காயப்போடும் நீலப் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை எடுத்துக் கயிற்றுப் பிடியில் மாட்டுவார். கம்பி வெளியே இருக்கிறது, வேலை முடியவில்லை, யாரும் இழுக்கக் கூடாது என்று அர்த்தம். கம்பியைத் திரும்ப மாட்டிய பிறகுதான் கிளிப்பை எடுப்பார். பதினோரு வருடமாக இந்த ஏற்பாடு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

3

அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர்* மரம் அறுக்கிற மெஷினோடு வந்தார். ஓடுகிறது, சூடானதும் செத்துவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது என்றார். காயில்தான் என்று நிதானம் கேட்டவுடனே சொல்லிவிட்டார். சூட்டில் உள்சுற்று விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். புதுக் காயில் பூட்டி, கண் டாக்டரின் அட்டையை நுழைத்து இடைவெளி வைத்தார். முதலில் கம்பி இல்லாமல் ஓட்டிப் பார்ப்போம் என்று கம்பியை வெளியே விட்டு, கயிற்றுப் பிடியில் கிளிப்பை மாட்டினார். சோதனைக்கு ஒரு மூடி பெட்ரோல் ஊற்றினார். அந்த நேரம் பார்த்து வாசலில் இன்னொருவர் மருந்தடிக்கிற மெஷினோடு வந்து நின்றார். நிதானம் அவரிடம் போனார்.

பின்னால் எஞ்சின் உறுமியது. வாடிக்கையாளரே கயிற்றை இழுத்துவிட்டிருந்தார். நிதானம் திரும்பினார், அவருக்கும் சந்தோஷம்தான். புதுக் காயில் கணீரென்று பேசியது. ஒரு மூடி பெட்ரோல் தீர்ந்ததும் எஞ்சின் தானாக அடங்கியது.

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம், ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கவில்லையா என்று. போட வேண்டிய தேவையே வரவில்லை. டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்திருந்தால் கடையிலேயே குட்டு உடைந்திருக்கும்.

நிதானம் மேசைக்கு வந்தார். கயிற்றுப் பிடியைப் பார்த்தார். கிளிப் இல்லை. கிளிப் இல்லையென்றால் கம்பி மாட்டியாகிவிட்டது. பதினோரு வருடப் பழக்கம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. மூடியை வைத்து நான்கு ஸ்குரூவையும் முடுக்கினார், ஒன்றன் பின் ஒன்றாக, அவசரப்படாமல்.

* இந்த ‘வாடிக்கையாளர்’ பொய். அடுத்த பகுதியில் திருத்துகிறேன்.

4

வாடிக்கையாளரை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலில் முகம் தெரியாதவர். பிறகு மூக்குக்கண்ணாடி போட்ட, அதிகம் பேசுகிற ஒருவர். அப்புறம் —

முடியவில்லை. எதற்கு இந்தச் சுற்று? அவர் என் கணவர். நிதானம் என் கூடப் பிறந்த அண்ணன்.

இருவரும் எனக்கு முன்னாலேயே ஒருவருக்கொருவர் பழக்கம். கல்யாணமே அப்படி வந்ததுதான். ஞாயிறு பதினொரு மணிக்கு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவார், இரண்டு பேரும் செஸ் ஆடுவார்கள். அண்ணன் ஒரு காயை நகர்த்துவதற்குள் என் கணவர் மூன்று டீ குடித்துவிடுவார். ‘மச்சான், குதிரை தூங்கிடுச்சு’ என்பார். என் கணவருக்கு மரக்கிளை வெட்டுகிற தொழில். மின்கம்பிமேல் சாய்ந்தவை, கூரைமேல் விழப்போகிறவை. அவருக்குப் பொறுமை கிடையாது. இன்னொரு பழக்கமும் உண்டு. கையில் கிடைப்பதையெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். துணி துவைக்கும்போது ஆணி, பஸ் டிக்கெட், பாதிப் பென்சில், எங்கள் வீட்டுச் சாவி, ஒருமுறை செஸ்ஸின் யானை எல்லாம் வந்திருக்கின்றன.

அன்றைக்குக் கடையிலிருந்து நேராக வேலைக்குப் போனார். ஒரு பள்ளிக்கூடச் சுவர்மேல் மரம் சாய்ந்திருந்தது. பாதி அறுத்த பிறகு மெஷினின் அறுக்கிற சங்கிலி தளர்ந்தது. முறுக்கிவிட வேண்டும், அதற்கு மெஷினை நிறுத்த வேண்டும். ஸ்விட்சை அமுக்கினார். நிற்கவில்லை. நான்கைந்து தரம் அமுக்கினார். அந்தப் பழைய மெஷினில் பிளக்கின் ரப்பர் தொப்பி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்கினால் நிற்கும், யாரோ அப்படிச் செய்ததை இவர் பார்த்திருக்கிறார். வலது கையில் மெஷினைப் பிடித்துக்கொண்டு இடது கையால் தொப்பியைப் பிடுங்கப் போனார். அந்த வழியாகத்தான் பத்தாயிரம் வோல்ட் போகிறது. ஷாக் அடித்தால் கை விரியாது, இறுகும். வலது கை இறுகியபோது பிடியில் இருக்கும் வேக விசையும் சேர்ந்து அமுங்கியது. சங்கிலி சுழன்றது. மெஷின் காலை நோக்கி இறங்கியது. காலில் செருப்பு.

செருப்போடு வேலைக்குப் போனார் என்று டாக்டர் சொன்னார், பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவர் எல்லோரையும்விடப் பலமாகச் சொன்னார். ‘பூட்ஸ் வீட்ல சும்மா கெடந்துச்சு. என் தப்புதான்.’ மெஷின் அண்ணன் கடைக்குத் திரும்பிப் போனது. அண்ணன் பார்த்துவிட்டு, ஸ்விட்ச் பழசு, தேய்ந்துபோயிருக்கிறது என்றார். நாங்கள் நம்பினோம். அண்ணன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

5 (அடித்தது)

இங்கே விபத்துக்குப் பிறகான நாட்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னல், அதற்கு வெளியே ஒரு காக்கை. காக்கை வந்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஞாயிறு தவறாமல் அண்ணன் வந்தார், ஆடினார், தோற்றார். கட்டுப் போட்ட காலை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் என் கணவர் சொன்னார், ‘மச்சான், நீங்க ஏன் இப்படி வாடிப் போறீங்க? வெரலு எனக்குத்தானே போச்சு.’

அண்ணன் யோசிக்காமல் ஒரு காயை நகர்த்தினார்.

6

துண்டறிக்கைக்கு விளக்கம் கேட்க மூன்று வாரத்துக்கு முன் கடைக்குப் போனேன். அண்ணன் ஒரு காயிலை என் கையில் கொடுத்து, இது தடித்த சுற்று, இது மெல்லிய சுற்று என்று காட்டினார். நான் குறித்துக்கொண்டே வந்தேன்.

“இந்தக் கம்பி எதுக்குண்ணே?”

“நிறுத்துறதுக்கு. காயில் நல்லா இருக்கான்னு பாக்கணும்னா மொதல்ல இதக் கழட்டிரணும்.”

“கழட்டிப் பாத்துட்டு?”

“மாட்டணும்.”

“மாட்டலன்னா?”

துண்டறிக்கைக்காகக் கேட்ட கேள்விதான். சத்தியமாக வேறெதுவும் என் மனதில் இல்லை. அண்ணன் ஸ்குரூ டிரைவரை மேசைமேல் வைத்தார். அது உருண்டது. பிடிக்கவில்லை.

“நிக்காது பாப்பா.”

நான் எழுதுவதை நிறுத்தினேன். மேல் தட்டில் ஒரு கோணிக்குள் என் கணவரின் மெஷின் இருந்தது. அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்விட்ச் தேஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே.”

“ஸ்விட்ச் புதுசு மாதிரி இருக்கு.”

“அப்போ?”

“கம்பி தொங்குது. நான் எப்படி விட்டேனோ அப்படியே தொங்குது. மாட்டி வெச்சிருந்தா யாருக்கும் தெரியாது. மாட்டத்தான் போனேன். கை வரல” என்றார்.

“அவர்கிட்ட சொல்லிருக்கலாமே அண்ணே.”

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லத்தான் வர்றேன்.”

எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். எட்டு மாதம் என் கணவர் பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனதை, மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தவள் நான். அண்ணனை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கிளிப் இல்ல பாப்பா. அது இருந்திருந்தா மாட்டிருப்பேன். அவரு இழுக்கறதுக்கு முன்னாடியே, கம்பிய மாட்டாமலே கிளிப்ப நானே எடுத்துட்டேன் போல. எப்போ எடுத்தேன், எங்க வெச்சேன், எதுவும் ஞாபகம் இல்ல. கடை பூரா தேடிட்டேன். ஞாபகமே இல்லாத ஆளு மெஷின் பாக்கலாமா? மரம் அறுக்குற மெஷினே இப்பத் தொடறதில்ல. மத்ததையும் நாலு தடவ தெறந்து பாத்துட்டுத்தான் குடுக்கறேன். கடைய விட்டுறலாம்னு இருக்கேன்.”

நிதானம் என்று பெயர் வாங்கியவர். ஒரு மெஷினை நான்கு தடவை திறந்து பார்க்கிறார்.

7

இனி எனக்கு மட்டுமே தெரிந்தது.

விபத்தன்று ஆஸ்பத்திரியில் அவருடைய சட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். துவைக்கும் முன் சட்டைப் பையைத் துழாவினேன், வழக்கம்போல. ஒரு துணி கிளிப். எங்கள் கொடியிலிருந்து எடுத்திருப்பார் என்று நினைத்து, நிறத்தைக்கூடக் கவனிக்காமல் அந்தச் சட்டையையே அதனால் காயப்போட்டேன். எட்டு மாதமாக அது கொடியில் இருந்தது. தலையணை உறை, துண்டு, அவருடைய காலில் சுற்றிய துணி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் பேசிய அன்று வீட்டுக்கு வந்து கொடியைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கிளிப்புகள் எல்லாம் மரம். ஒன்று மட்டும் நீலப் பிளாஸ்டிக். அதன் வாயில் கறுப்பாகக் கிரீஸ்.

கயிற்றை இழுக்க இடைஞ்சலாக இருந்திருக்கும். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இழுத்திருக்கிறார். அது எதற்கு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஆக, அண்ணன் முழுப் பாரத்தையும் தான் தூக்குகிறார், இவர் முழுப் பாரத்தையும் தான் தூக்குகிறார். மிச்சம் ஒரு கிளிப் என் கையில். கிளிப்பைப் பற்றி அண்ணனிடம் சொன்னால் அவர் கைகள் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதற்குப் பிறகு அது இவர் காதுக்கு வராமல் இருக்காது. செருப்பைத் திட்டிக்கொண்டிருப்பவர் தன் கையைத் திட்ட ஆரம்பிப்பார். கம்பியைப் பற்றி மட்டும் இவரிடம் சொன்னால், ஞாயிறு பதினொரு மணிக்கு வாசலுக்கு யாரும் வர மாட்டார்கள். எதுவும் சொல்லாமல் விட்டால் அண்ணன் கடையை மூடிவிடுவார். மூன்று வாரமாக இந்த மூன்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

8

கதைக்காரி என்ற முறையில் சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அண்ணன் பலகைமேல் காய்களை அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். இவர் சிரித்து, ‘விடுங்க மச்சான்’ என்று தோளில் தட்டுகிறார். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு விரல் போன மனிதன் முதல் நிமிடத்திலேயே சிரிப்பானா? நான் இவரோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் செய்கிறேன். சிரிக்க மாட்டார்.

இரண்டாவதில் நான் கிளிப்பைக் குப்பையில் போட்டுவிடுகிறேன். அடுத்த வாரம் —

எழுதும்போதே எழுந்து போய்க் கொடியில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாவதில் துண்டறிக்கையை எழுதி முடிக்கிறேன், இவர் அதைப் படிக்கிறார், கடைசி வாக்கியத்தில் நிற்கிறார், எல்லாம் புரிந்துவிடுகிறது. இது சாமர்த்தியமான முடிவு. கோழைத்தனமானதும்கூட. என் வாயால் சொல்ல வேண்டியதைக் கம்பெனித் தாளைச் சொல்ல வைப்பது.

நான்காவது முடிவு என்னிடம் இல்லை. அது என் கையால் எழுதக்கூடியது அல்ல.

9

முதல் பகுதியில் அடைப்புக்குறிக்குள் ஒருவரை விட்டு வைத்தேன். பென்சிலோடு படிப்பவர். அது யார் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

அச்சில் இதைப் படிப்பவர்களே, உங்கள் கைக்கு இது வந்திருந்தால் அவர் ‘அனுப்பு’ என்று சொல்லியிருக்கிறார். எதற்காகச் சொன்னார், அதற்கு முன் என்ன நடந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. இனி வருவது அவருக்கு.

உங்களிடம் நேராகச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி இது. இன்று ஞாயிறு. காலையிலேயே இந்தப் பக்கங்களை மேசைமேல் வைத்துவிட்டேன். நான் அடுப்படியில் இருப்பேன். பாத்திரச் சத்தம் கேட்டால் வேலை செய்கிறேன் என்று அர்த்தமில்லை. பதினொரு மணிக்கு அண்ணன் வருவார், வழக்கம்போலச் சொல்ல வந்து சொல்லாமல் உட்காருவார். காய்களை அடுக்குவதற்கு முன் உங்களுக்குக் கொஞ்ச நேரம் இருக்கிறது. நீங்கள் கோபப்படலாம். அவரை வாசலோடு அனுப்பலாம். அழலாம், எனக்கு அது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். என்ன செய்தாலும் உங்கள் பக்கம்தான் நான். அண்ணன் பக்கமும்தான். அதுதான் என் கஷ்டம்.

ஒன்று மட்டும். இந்தப் பக்கங்களைச் சேர்த்து ஒரு கிளிப் போட்டிருந்தேன். நீலம். படிக்க உட்கார்ந்ததும் அதைக் கழற்றி, பென்சிலைத் தேடிக்கொண்டே எங்கே வைத்தோம் என்று தெரியாமல் வைத்திருப்பீர்கள். அண்ணனும் எட்டு மாதமாக அதைத்தான் தேடுகிறார்.

சட்டப் பையில கை விட்டுப் பாருங்க.